டப்பா பள்ளிக்கூடம் போகவில்லை

அன்புள்ள பிரபு,

உன் கல்யாணத்துக்காக நான் கட்டிய இணையப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஓர் இணைப்பு வைத்திருக்கிறேன். அதைத் தொட்டால் இந்தக் கடிதம் திறக்கும். எனக்கு எழுதுவதை ஊரே படிக்கும்படி ஏன் வைக்கிறாய் என்று கேட்பாய். கவரில் போட்டுக் கொடுத்தால் சட்டைப்பையில் வைத்துச் சலவைக்குப் போட்டுவிடுவாய். உன் அப்பா எழுதிய கடிதத்துக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. இது நனையாது. அதோடு, ஒரு பக்கத்தைக் கட்டி, அதிலிருந்து இன்னொன்றுக்கு வழி வைத்து, அந்த வழி ஒழுங்காகத் திறக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதில் எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை. சம்பந்தி வீட்டார் படித்தாலும் பரவாயில்லை. அவர்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுவேன். ஏறக்குறைய நல்லதாக.

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு நீயும் நித்யாவும் ஜெர்மனிக்குப் புறப்படுகிறீர்கள். நான் விழுப்புரத்தில் இந்த வீட்டிலேயே இருப்பேன். முழங்கால் படியேற மறுக்கிறதே தவிர மற்றபடி எனக்கு ஒன்றுமில்லை. நீ தூரமாகப் போவதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் வருத்தத்தை நான் சமாளித்துக்கொள்வேன். சமாளிக்க முடியாத பயம் வேறு ஒன்று இருக்கிறது. நம்முடைய ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சு மறுபடி பழையபடி ஆகிவிடுமோ என்பதுதான் அது. பழையபடி என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன். நீ?"

"சாப்ட்டேன். மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சு."

"சரிம்மா, வச்சிடறேன்."

உன் அப்பா இருந்தவரை அப்படி இல்லை. அவர் கூட்ஸ் வண்டி கார்டு. எந்த ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் வண்டி நின்றது, எந்த சிக்னல் மக்கர் செய்தது என்று உன்னிடம் சொல்ல அவருக்கு எப்போதும் ஏதாவது இருந்தது. நீயும் உன் ஆபீஸ் கதைகளை அவரிடம் சொல்லுவாய். கடைசியில் போன் என் கைக்கு வரும். நான் சாப்பாட்டை விசாரிப்பேன். அது எங்களுக்குள் இருந்த வேலைப் பிரிவினை. நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அவர் போன பிறகுதான் தெரிந்தது, உனக்கும் எனக்கும் நடுவில் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சு இல்லை என்று. அந்தப் பேச்சும் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே வந்தது.

2014 பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருந்தாய். திரையில் ஒரு பக்கம் கறுப்பாக, அதில் பல நிறங்களில் வரிகள். நான் பின்னால் நின்று பார்த்தேன்.

"என்னடா அது?"

"வேலைம்மா."

"அது தெரியுது. என்ன வேலை?"

"ஃப்ரன்ட் எண்டும்மா."

"ஃப்ரன்ட்டுன்னா முன்பக்கம். எதோட முன்பக்கம்?"

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு திரையைப் பார்த்தாய். "சொன்னா உனக்குப் புரியாதும்மா. காபி இருக்கா?"

நீ மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. களைப்பில் சொன்னாய். காபி போட்டுக் கொடுத்தேன். அதில் சர்க்கரையே போடவில்லை. நீ அதைக் கவனிக்காமல் குடித்து முடித்தாய். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் பின்னணி உனக்குத் தெரியும் என்றாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் கான்வென்ட்டில் படித்தவள் நான். அங்கே ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை என்று எழுந்து நின்றால், சிஸ்டர் உட்காரச் சொல்ல மாட்டார். தெரிந்துகொண்டு வா என்று நூலகத்துக்கு அனுப்பிவிடுவார். பிறகு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஒரு தாளில் ஒரே ஓர் எழுத்துத் தப்பினாலும் தாளை உருவிக் கிழித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி அடிப்பேன். வெள்ளை மை பூசி மேலே அடிப்பது எனக்குப் பிடிக்காது. இப்படிப்பட்டவளிடம் புரியாது என்று சொன்னால் அது வாக்கியமாகக் காதில் விழாது. வீட்டுப்பாடமாகத்தான் விழும்.

முதலில் விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். இணையப் பக்கம் என்றால் என்ன, அதை எப்படி எழுதுவது என்ற ஆரம்பப் பாடம் அங்கே முடிந்தது. அடுத்த நிலை வேண்டும் என்றால் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு வகுப்பு நடக்கிறது, வெளியாட்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றார்கள். போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் தலை நிமிராமலே கேட்டார்.

"அட்மிஷன் யாருக்கும்மா?"

"எனக்கு."

"உங்க பேர்ல வேணாம்மா, படிக்கப்போற பொண்ணு பேர சொல்லுங்க."

"படிக்கப்போற பொண்ணு பேரத்தான் சொல்றேன். எழுதுங்க."

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

உனக்குச் சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். நடுவில் தோற்றுப்போனால் யாருக்கும் தெரியாமல் நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் உண்மை. சனிக்கிழமை காலை பஸ் ஏறுவேன். விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கு நிறுத்துவார்கள். ஞாயிறு சாயங்காலம் வகுப்பு முடிந்து திரும்பியதும் உன் போன் வரும். சாப்ட்டியாம்மா என்பாய். சாப்ட்டேன் என்பேன்.

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். நானும் என்னை அறியாமல் உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டேன். பிறகு நேராகக் கடைசி வரிசைக்குப் போய் நான் உட்கார்ந்தபோது அந்த அறையில் உண்டான சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பாடம் நடத்தும் வினோதினி மிஸ் பின்னாலேயே வந்தார். அவருக்கு உன்னைவிட வயது குறைவு.

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். என் பங்காளி சுகந்தி. மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர். அதே கல்லூரியில் பட்டப்படிப்பு, கூடவே இந்த வகுப்பு. நான் விசைப்பலகையைத் தொட்டதும் அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க பாட்டுக்கு அடிச்சிக்கினே போறீங்க. சிஸ்டமே மூச்சு வாங்குது."

"நீ யோசி, நான் அடிக்கிறேன்."

"யோசிக்கறதுக்குள்ள அடிச்சிடறீங்களே. கொஞ்சம் இருங்க, நான் யோசிச்சிக்கறேன்."

அந்த வகுப்பில் கற்றதெல்லாம் எனக்கு அதிசயமாக இருந்தது. நீ தினமும் புழங்குவதால் உனக்கு அது மரத்துப்போயிருக்கலாம். ஒரு பக்கம் என்பது பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று அடுக்கியது. வெளிப்பெட்டிக்குப் பேரன்ட் என்று பெயர். உள்ளே இருப்பது சைல்டு. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை சிப்லிங், உடன்பிறப்பு. இந்தப் பெயர்களை வைத்தது யார் என்று மிஸ்ஸைக் கேட்டேன். "தெரியல மேடம், அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். எழுத்தின் நிறத்தைப் பெற்ற பெட்டிக்குக் கொடுத்தால் அது பிள்ளைப் பெட்டிக்கும் தானாக இறங்கும். ஆனால் சுற்றிலும் கோடு போட்டால் அந்தக் கோடு இறங்காது. பிள்ளைக்குத் தனியாகப் போட வேண்டும். எது இறங்கும், எது இறங்காது என்று யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்? பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். உன்னிடம் என் பிடிவாதம் இறங்கியிருக்கிறது. பீரோவை அடுக்கி வைக்கும் பழக்கம் இறங்கவில்லை.

ஒரு நாள் நானும் சுகந்தியும் மூன்று பெட்டிகளைப் பக்கவாட்டில் நிறுத்த முயன்றோம். அதற்கு ஃப்ளோட், மிதக்கவிடுவது என்று ஒரு வழி. மூன்றையும் மிதக்க விட்டதும் அவை அழகாக வரிசையில் நின்றன. ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த வெளிப்பெட்டி, நாங்கள் மஞ்சள் பூசி வைத்திருந்தது, காணோம்.

"எங்கே போச்சு?"

"எங்கயும் போவல ஆன்ட்டி. புள்ளைங்க எல்லாத்தையும் மிதக்க விட்டுட்டா, அப்பன் பொட்டிக்கு உயரமே இல்லாம பூடும். உள்ள ஒண்ணும் இல்லன்னு நெனைச்சிக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்கு வைத்தியம் இருக்குது ஆன்ட்டி, ஒரே ஒரு வரி" என்று அவளே அடித்தாள். மஞ்சள் திரும்பி வந்தது. இதிலிருந்து உனக்கு உபதேசம் எதுவும் சொல்லப்போவதில்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இனி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் மாதம் ஆளுக்கொரு பக்கம் தனியாகச் செய்ய வேண்டும் என்றார்கள். நான் விழுப்புரம் ஜங்ஷனைப் பற்றி எடுத்துக்கொண்டேன். நிறம், அளவு எல்லாம் எழுதும் ஸ்டைல் கோப்பில் தலைப்புக்கு அரக்கு நிறம் கொடுத்து ஒரு வரி எழுதினேன். பக்கத்தைத் திறந்தால் தலைப்பு கறுப்பாக இருந்தது. கோப்பைச் சேமித்தேனா என்று பார்த்தேன். சேமித்திருந்தேன். மறுபடி திறந்தேன். கறுப்பு. அதற்கு முந்தைய வாரம் ஒரு சொல் கற்றுத் தந்திருந்தார்கள்: வரியின் முடிவில் ஆச்சரியக்குறி போட்டு 'இம்பார்ட்டன்ட்' என்று எழுதினால் அந்த உத்தரவு மற்ற எல்லாவற்றையும் மீறும். அதையும் போட்டேன். எல்லா வரிகளிலும் போட்டேன். தலைப்பு அப்படியே கறுப்பாக இருந்தது.

வினோதினி மிஸ் வந்து பார்த்தார். "மேடம், எல்லாத்துக்கும் இம்பார்ட்டன்ட் போட்டா எதுவுமே இம்பார்ட்டன்ட் இல்ல" என்றார். அது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கோப்பிலும் 'மிக அவசரம்' என்று சிவப்புச் சீட்டு கட்டியிருக்கும். அதனாலேயே எதையும் யாரும் தொட மாட்டார்கள். அந்தச் சொற்களை எல்லாம் எடுத்தேன். நிறம் வரவில்லை. அப்போது சுகந்தி எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"ஆன்ட்டி, கலர்ல யு கிடையாது."

"இருக்கு. சி, ஓ, எல், ஓ, யு, ஆர்."

"இதுல கிடையாது ஆன்ட்டி."

"உனக்கு யார் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க ஊரு சாரு."

"அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"அது தெரியல ஆன்ட்டி. ஆனா எனக்குக் கலர் வருது, பாருங்க." அவள் பக்கம் பச்சையும் நீலமுமாகக் கண்ணைப் பறித்தது.

மிஸ்ஸைக் கூப்பிட்டேன். மிஸ்ஸும் யு வேண்டாம் என்றார். அமெரிக்கக்காரர்கள் வகுத்தது, அதனால் அவர்கள் எழுத்து. சென்டருக்கும் அப்படியே, ஈ முன்னால், ஆர் பின்னால்.

"அது தவறான எழுத்து, மிஸ்."

"தவறுதான்னு வச்சுக்குங்க மேடம். எடுத்திடுங்க."

"தவறுன்னு தெரிஞ்சே எழுத மாட்டேன்."

மிஸ் இரண்டு கையையும் விரித்தார். "அப்ப உங்க பக்கம் கறுப்பு வெள்ளைதான்." வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் என் பக்கம் கறுப்பாகவே இருந்தது. சுகந்தி நான் எழுந்து போன நேரத்தில் அந்த எழுத்தை எடுத்துவிடப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடித்தேன். "உங்களுக்காக இல்ல ஆன்ட்டி, பக்கத்துல உக்காந்துகினு பாக்க எனக்குப் பேஜாரா கீது" என்றாள்.

அந்த இரண்டு வாரமும் எனக்கு வேறொரு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. 1993. விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம். புது அலுவலகங்கள், புது முத்திரைகள், காலையிலிருந்து டைப்ரைட்டர் ஓயாது. நீ அப்போது இரண்டாம் வகுப்பு. பையில் உள்ள பொருள்களின் பெயரை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். நீ கலர் பென்சில் என்று எழுதியிருந்தாய், யு இல்லாமல். நான் சிவப்பு மையால் சுழித்தேன்.

"டப்பாவுலயே அப்படித்தாம்மா போட்டிருக்கு. பாரு."

பார்த்தேன். உண்மைதான், ஏதோ வெளிநாட்டு டப்பா, உன் மாமா கொண்டுவந்தது. ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"டப்பா பள்ளிக்கூடம் போகல. நீ போறே. எழுது."

ஒரு பக்கம் முழுக்க எழுத வைத்தேன். ஒரு துளி கண்ணீர் அந்தப் பக்கத்தில் விழுந்து மை கரைந்தது. மை கரைந்த சொல்லை மறுபடி எழுதச் சொன்னேன். டூட்டி முடிந்து வந்த உன் அப்பா டப்பாவைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பாவம், இதையும் நாளைக்கு ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துடலாம்" என்றார். நீ அழுதுகொண்டே சிரித்தாய். நான் அப்போதும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நீ எந்த நாட்டுக்குப் போனாலும் உன் கடிதத்தில் அந்தச் சொல் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் கல்லூரியில் என்னைக் குடைந்தது வேறு. எழுத்து தவறு என்றால், பக்கத்தைத் திறந்து காட்டும் அந்தப் பிரௌசர் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? டைப்ரைட்டராவது கம்பிகள் சிக்கிக்கொண்டால் நின்றுவிடும். மேலதிகாரி தாளைத் திருப்பி அனுப்புவார். சிஸ்டர் ஸ்கேலை எடுப்பார். இது மட்டும் என் வரியைப் படிக்கிறது, புரியவில்லை, கோபித்துக்கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. அடுத்த வரியில் எழுத்தளவு சொல்லியிருந்தேன். அதை ஒழுங்காகச் செய்தது. இந்த மாதிரி ஓர் ஆளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மிஸ்ஸைக் கேட்டேன். "அது அப்படித்தான் மேடம்." சுகந்தியைக் கேட்டேன். "அதுக்கு ரோசம் கிடையாது ஆன்ட்டி." விளக்கம் சொல்லத் தெரிந்தவன் ஒருவனைத்தான் எனக்குத் தெரியும். அவனைக் கேட்டால் ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வரும். தோற்றுப்போய் நிற்கிற நேரத்தில் வெளியே வரும். தவிர, அவன் மறுபடி புரியாது என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பேச்சு சாப்பாட்டோடு முடிந்துவிடும், எப்போதைக்கும்.

அந்த ஞாயிறு நீ வழக்கம்போல் கூப்பிட்டாய்.

"சாப்ட்டியாம்மா?"

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கணும். நான் ஒரு வரி எழுதினேன். பிரௌசர் அதை மதிக்கவே மாட்டேங்குது. தப்புன்னும் சொல்லல. ஏன் சொல்லல?"

"அம்மா, பிரௌசர்னா… எந்தப் பிரௌசர்?"

"எதுவா இருந்தா என்ன? தலைப்புக்கு நிறம் குடுத்தேன், விழல. ஸ்டைல் கோப்பு தனியாத்தான் வச்சிருக்கேன். இணைப்பு சரியா இருக்கு. அடுத்த வரி வேலை செய்யுது."

"நீ எழுதினியா? நீயேவா? சரி, அந்த வரியைச் சொல்லு."

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். சி, ஓ, எல், ஓ, யு, ஆர்.

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மறுபடி காதில் வைத்தபோது நீ மெதுவாகச் சொன்னாய்:

"அம்மா, டப்பா பள்ளிக்கூடம் போயிருக்கும்மா."

பிறகு சிரித்தாய். உன் அப்பா போன பிறகு நீ அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. இருபது வருஷம் அந்தச் சொல்லை நீ பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய். எனக்கும் சிரிப்பு வந்தது. 1993-க்கும் சேர்த்துச் சிரித்தேன் என்று வைத்துக்கொள்.

அன்றைக்கு நீ பேசியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. பிரௌசர் ஏன் கோபித்துக்கொள்வதில்லை என்று சொன்னாய். இன்றைக்கு எழுதுகிற பக்கத்தைப் பழைய பிரௌசரும் திறக்க வேண்டும். அதற்குத் தெரியாத புதுச் சொல் ஒன்று வந்தால் அதற்காகப் பக்கத்தையே கிழித்துப் போட்டுவிட்டால் படிக்கிறவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. அதனால் தெரிந்ததைச் செய், தெரியாததைத் தாண்டிப் போ என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள் என்றாய். தாளைக் கிழித்தே பழகியவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். சாம்பல் நிறத்தைச் சொல்லும் கிரே மட்டும் இரண்டு எழுத்திலும் செல்லும், நம் ஈயும் செல்லும், அவர்கள் ஏயும் செல்லும் என்றாய். அது எப்படி ஒன்று மட்டும் தப்பித்தது என்று கேட்டேன். அதைவிட வேடிக்கை, பிரௌசர்கள் அனுப்பும் செய்திகளில் 'ரெஃபரர்' என்ற சொல்லை முதலில் எழுதியவர்களே தப்பாக எழுதிவிட்டார்கள், ஓர் ஆர் குறைவு, உலகம் முழுக்க இன்றுவரை அந்தத் தப்பையே எழுதுகிறது என்று சொன்னாய். அதை யாரும் திருத்தவில்லையா என்றேன். திருத்தினால் எல்லாம் நின்றுபோகும் என்றாய். போன் காதில் சுட்டது. உனக்கும் சுட்டிருக்கும். வைக்கும்போது நீ, "எதோட முன்பக்கம்னு அன்னிக்குக் கேட்டியே, நல்ல கேள்விம்மா. நான்தான் பதில் சொல்லல" என்றாய்.

மறு வாரம் யுவை எடுத்தேன். தோற்றுப்போய் எடுக்கவில்லை. அது இங்கிலீஷ் இல்லை, இங்கிலீஷைப் போல் தோற்றமளிக்கும் வேறு ஒரு மொழி, அந்த மொழியில் அதுதான் சரியான எழுத்து என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு எடுத்தேன். தலைப்பு அரக்கு நிறத்தில் வந்தது. சுகந்தி எழுந்து நின்று கைதட்டினாள். கிரே வந்த இடத்தில் எல்லாம் நம் ஈயைத்தான் போட்டேன். பரீட்சையில் அவள் முதலாவது, நான் இரண்டாவது. இப்போது அவளுக்குப் புதுச்சேரியில் வேலை. கல்யாணத்துக்கு வருகிறாள், அவளிடம் மட்டும் என் எழுத்துப் பிழைப் பிரசங்கங்களைப் பற்றிக் கேட்டுவிடாதே.

அதற்குப் பிறகு நம் ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி ஆயின என்று உனக்கே தெரியும். நீ உன் ஆபீஸில் எதை உடைத்தாய், யார் அதற்குக் கத்தினார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். கண்டமங்கலத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது நித்யாவின் அப்பா, "தம்பி கம்ப்யூட்டர்ல இன்னா பண்றாருங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பெட்டியில் ஆரம்பித்தேன். பிள்ளைப் பெட்டி, பெற்ற பெட்டி, எது இறங்கும், எது இறங்காது, சின்ன போனில் திறந்தால் வரிசை எப்படிக் கீழே இறங்கி நிற்கும் என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர் இரண்டு முறை தலையாட்டினார். பிறகு உள்ளே திரும்பி, "யம்மா, காபி ஜல்தியா கொண்டாங்க" என்றார். நித்யா மட்டும் கதவோரத்திலிருந்து, "கோடு ஏன் ஆன்ட்டி இறங்காது?" என்று கேட்டாள். அந்த நிமிஷமே எனக்கு முடிவாகிவிட்டது. உனக்கு எப்போது முடிவானது என்று நான் கேட்கவில்லை.

அதனால் உனக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. சொன்னால் உனக்குப் புரியாது என்று நித்யாவிடம் சொல்லாதே. களைப்பாக இருந்தால் களைப்பாக இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்; நாளைக்கு மறக்காமல் சொல். அவள் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று பார்க்கும் வேலையில் உனக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது. ஒரே மருந்து எப்படி இரண்டு பெயரில் வருகிறது என்று எனக்கு அவள் சொன்னாள்; உனக்குச் சொல்லியிருக்கிறாளா? கேள். அந்த ஊரில் உங்கள் இருவருக்கும் முதலில் ஒருவரை விட்டால் ஒருவர்தான். சாப்பிட்டாயா என்பது அன்பான கேள்வி. ஆனால் அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. இரண்டு பேர் நடுவில் அதற்குப் பிறகும் ஒரு கேள்வி இருக்க வேண்டும்.

கல்யாணப் பக்கத்தை நீ பார்த்துவிட்டாய். படங்களின் எடை அதிகம் என்று சொன்னாய், குறைத்துவிட்டேன். நானே செய்துதருகிறேன் என்று சொன்னாய், அதற்கு என் பதில் உனக்குத் தெரியும். அதில் வரும் அரக்கு நிறம் நித்யாவின் முகூர்த்தப் புடவையின் நிறம். கடையில் புடவையைப் போனில் படம் எடுத்து அதற்கு நெருக்கமான நிறத்தைத் தேடினேன். ஸ்டைல் கோப்பை நீ திறந்து பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். பார். உன் பெயரும் நித்யா பெயரும் வரும் இடத்தில் நிறத்துக்கு இரண்டு வரி இருக்கும். முதல் வரி அந்த மொழியின் எழுத்துப்படி. இரண்டாவது வரியும் அதே நிறம்தான், ஆனால் யு வைத்து. அது ஒரு வேலையும் செய்யாது. பிரௌசர் அதைப் படிக்கும், புரியாது, தாண்டிப் போகும். யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை. நீ அதை எடுத்துவிடாதே. அது எங்கள் சிஸ்டருக்கு. உன் கண்ணீர் விழுந்த அந்தப் பக்கத்துக்கும்.

இன்னொன்று. அனந்தபுரத்தில் உன் அத்தை போனில் மண்டபத்துக்கு வழி காட்டும் படம் மட்டும் வலது பக்கம் பிதுங்கி வெளியே போகிறதாம். விரலால் இழுத்தால்தான் மீதி தெரிகிறதாம். என் போனில் அப்படி இல்லை, நித்யா போனிலும் இல்லை. அகலம் பெட்டியைத் தாண்டக் கூடாது என்று எழுதித்தான் இருக்கிறேன், அப்படியும் தாண்டுகிறது. சரி செய்து கொடுத்துவிடாதே, காரணம் மட்டும் சொல்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் சாப்பிட்டுவிட்டேன், மாத்திரையும் போட்டாகிவிட்டது. நேராக விஷயத்துக்கு வா.

உன் அம்மா